ஒரு வாரம், தனி ஆள், ரயில் பயணம்: ஐரோப்பாவில் எந்த வழியில் போகலாம்?

கேள்வி இதுதான்: முதல் முறை ஐரோப்பா, துணைக்கு யாரும் இல்லை, கையில் ஒரு வாரம், மலையும் ஏரியும் பார்த்துக்கொண்டே ரயிலில் போக வேண்டும். எந்த வழி?

ஏழு நாளில் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ரோம் என்று ஓடினால் ரயில் நிலையங்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் இறங்கி, கூர், பொன்ட்ரெசீனா, எல்லை தாண்டி திரானோ, வரென்னா வழியாக இத்தாலியின் மிலானில் முடியுங்கள். மொத்த ரயில் நேரமே சுமார் எட்டு மணிதான். அதை ஐந்தாறு நாளுக்குப் பிரித்துக்கொள்வதில்தான் ருசி இருக்கிறது.

இதில் கூர் முதல் திரானோ வரை ரேட்டியன் ரயில்வேயின் மீட்டர் கேஜ் பாதை. தூசிஸ் தொடங்கி திரானோ வரையிலான பகுதி 2008-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அந்தத் தூரத்துக்குள் 196 பாலங்கள், 55 சுரங்கங்கள். பாதையின் உச்சி ஓஸ்பிட்சியோ பெர்னினா, 2,253 மீட்டர். கிட்டத்தட்ட நம் ஊட்டி உயரம். ஆனால் அங்கே ஒரு மரம்கூட இருக்காது. நீலகிரி ரயில் கல்லாறு முதல் குன்னூர் வரை பற்சக்கரத்தின் பிடியில் ஏறுகிறது. இங்கே 14 மீட்டருக்கு 1 மீட்டர் வரை ஏற்றம் இருந்தும் பற்சக்கரம் கிடையாது, சாதாரணச் சக்கரத்தின் பிடிமானம் மட்டும்தான். (நீலகிரியின் பழைய நீராவி எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்யப்பட்டவை என்பது தனிக் கதை.)

எல்லோரும் சொல்வது இந்தப் பாதையில் ஓடும் சுற்றுலா ரயிலான பெர்னினா எக்ஸ்பிரஸ். நான் அதை வேண்டாம் என்பேன், அதுவும் தனியாகப் போகிறவர்களுக்கு. பாஸ் வைத்திருந்தாலும் அதற்குத் தனியாக முன்பதிவுக் கட்டணம் கட்டியாக வேண்டும். கூரை வரை வளைந்த கண்ணாடி, திறக்காது. எடுக்கிற படத்தில் பாதி உங்கள் சட்டையின் பிரதிபலிப்பாக இருக்கும். ஒதுக்கிய இருக்கை தவறான பக்கம் அமைந்துவிட்டால் முழுப் பயணமும் அப்படியே. அதே தண்டவாளத்தில் மணிக்கொரு சாதாரண வண்டி ஓடுகிறது. முன்பதிவு தேவையில்லை, நினைத்த இடத்தில் இறங்கி அடுத்த வண்டியைப் பிடிக்கலாம். சில பெட்டிகளில் சன்னலை இறக்கவும் முடியும். கோடையில் வானிலை நன்றாக இருந்தால் சில வண்டிகளில் கூரையில்லாத மஞ்சள் பெட்டியும் சேர்ப்பார்கள். வெயிலே அடித்தாலும் அதில் ஜாக்கெட் வேண்டும்.

கூரிலிருந்து ஏறும்போது வண்டி போகும் திசைக்கு வலப்பக்கம் உட்காருங்கள். டீஃபன்காஸ்டல் தாண்டியதும் தயாராகிவிடுங்கள். ஃபிலிசூருக்குச் சற்று முன்னால் லாண்ட்வாசர் பாலம் வரும். 65 மீட்டர் உயரம், ஆறு வளைவுகள். பாலமே வளைந்து போய், மறுமுனையில் நேராகப் பாறைச் சுவரின் சுரங்கத்துக்குள் நுழைந்துவிடும். முன்பெட்டி சுரங்கத்துக்குள் போய்க்கொண்டிருப்பதைக் கடைசிப் பெட்டியிலிருந்து பார்க்கலாம், அதனால் பின்பக்கம் ஏறுவதே நல்லது. எல்லாம் அரை நிமிட விஷயம். போனைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து வீடியோவாக எடுங்கள், படத்தைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். அடுத்து பெர்க்யூனுக்கும் பிரேடாவுக்கும் இடையே 400 மீட்டருக்கு மேல் உயரம் ஏற, வண்டி மலைக்குள்ளேயே சுருண்டு சுருண்டு போகும். இப்போது வலப்பக்கம் தெரிந்த ஊர் அடுத்த சுரங்கம் தாண்டினால் இடப்பக்கம் இருக்கும்.

சமேடனில் வண்டி மாறி பொன்ட்ரெசீனாவில் இரண்டு இரவு தங்குங்கள். பக்கத்துச் சொகுசு ஊரான செயின்ட் மோரிட்ஸின் விலை தனி ஆளுக்குக் கட்டுப்படியாகாது. பொன்ட்ரெசீனா நிலையத்துக்கு எதிரிலேயே இளைஞர் விடுதி இருக்கிறது, ஒரு படுக்கைக்கு மட்டும் பணம் கட்டினால் போதும்.

மறுநாள் ஓஸ்பிட்சியோ பெர்னினாவில் இறங்கி ஆல்ப் க்ரூம் வரை நடங்கள். லாகோ பியான்கோ (வெள்ளை ஏரி) கரையோரம் ஒன்றரை மணி நேர நடை, பெரிய ஏற்றம் இல்லை. ஏரி நீர் பால் கலந்ததுபோல் இருக்கும், பனியாறு அரைத்த கல்மாவுதான் காரணம். பக்கத்திலேயே ஒரு கரிய ஏரி. கரிய ஏரியின் நீர் டான்யூப் வழியாகக் கருங்கடலுக்குப் போகிறது, வெள்ளை ஏரியின் நீர் தெற்கே இறங்கி ஏட்ரியாட்டிக் கடலுக்கு. இரண்டுக்கும் நடுவில் சின்ன அணை, அவ்வளவுதான். ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை பாதை பெரும்பாலும் பனியில்லாமல் இருக்கும். ஆல்ப் க்ரூமுக்குச் சாலையே கிடையாது, நடை அல்லது ரயில் மட்டும். இந்த வழியில் சில சிறிய நிலையங்களில் கேட்டால்தான் வண்டி நிற்கும்: உள்ளே இருப்பவர் கதவருகே பொத்தானை அழுத்த வேண்டும், நடைமேடையில் இருப்பவர் அங்குள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் நின்றால் வண்டி கண் முன்னாலேயே போய்விடும், அடுத்தது ஒரு மணி நேரம் கழித்து.

ஆல்ப் க்ரூமிலிருந்து திரானோவுக்கு 1,660 மீட்டர் இறக்கம். போஸ்கியாவோ ஏரி மட்டும் இடப்பக்கம் வரும், புரூசியோ வட்டப் பாலத்துக்கு மறுபடி வலப்பக்கம். அங்கே வண்டி ஒரு முழு வட்டம் அடித்துத் தன் பாதைக்கே கீழே நுழைந்து போகும். திரானோவுக்குள் டிராம்போலத் தெருவிலேயே ஓடி, மாதா கோயிலை ஒட்டிப் போய் நிற்கும்.

டிக்கெட்: சூரிக் முதல் திரானோ வரை மட்டும் என்றால் பல நாளுக்குச் சேர்த்து வாங்கும் சுவிஸ் டிராவல் பாஸ் வீண். ரயில் ஏறும் ஒவ்வொரு நாளுக்கும் சேவர் டே பாஸை (ஒரு நாள் பாஸ்) முன்கூட்டியே வாங்குங்கள், ஆறு மாதம் முன்பே விற்பனைக்கு வரும், நாள் நெருங்க நெருங்க விலை ஏறும். சூப்பர்சேவர் டிக்கெட் மலிவாக இருக்கலாம், ஆனால் குறித்த வண்டிக்கு மட்டும்தான் செல்லும். இறங்கி ஏறும் திட்டம் அதோடு ஒத்துவராது.

விசா: எங்கே அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுத் தூதரகத்தில். நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாடு. எல்லையில் வழக்கமான சோதனை இல்லாவிட்டாலும் வண்டியில் திடீரென்று கேட்பார்கள், பாஸ்போர்ட் அசல் கையில் இருக்கட்டும். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை என்பதால் சில ஐரோப்பிய சிம்கள் அங்கே வேலை செய்யாது, வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். நம் தடித்த பிளக் இரண்டு நாட்டிலும் நுழையாது, மெல்லிய இரட்டைக் கம்பி பிளக் இரண்டிலும் போகும். ஊறுகாய், புளியோதரைப் பொடி கொண்டுபோகலாம். நெய், பால்கோவா முதலான பால் பொருட்களுக்குத் தடை.

திரானோவில் இத்தாலிய ரயில் நிலையம் எதிர்ப்பக்கமே. காகித டிக்கெட் என்றால் ஏறுமுன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்தியாக வேண்டும், மறந்தால் அபராதம். இதிலும் வலப்பக்கம்: கோமோ ஏரி அந்தப் பக்கம்தான் வரும். பெர்னினாவில் பார்த்த வெள்ளை ஏரியின் நீர், அட்டா ஆற்றில் சேர்ந்து இந்த ஏரிக்குத்தான் வருகிறது. அதன் கரையிலுள்ள வரென்னாவில் இரண்டு இரவு தங்கி, படகில் கால் மணி நேரத்தில் இன்னொரு ஏரிக்கரை ஊரான பெல்லாஜியோ போய் வரலாம்.

கடைசியாக, இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் சாதாரணம், வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி நடக்கும். முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வார நாளில் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் குறைந்தபட்ச வண்டிகள் ஓடும். விமானம் மிலானிலிருந்து என்றால் முந்தைய நாளே மிலான் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.