விடுமுறைக்கு ஊருக்குப் போனாலும் உடற்பயிற்சியும் வாசிப்பும் நிற்காமல் இருக்க என்ன செய்யலாம்?

பொங்கல், தீபாவளி என்று ஊருக்குப் போய் ஒரு வாரம், பத்து நாள் தங்கினால் அதுவரை விடாமல் செய்துவந்த உடற்பயிற்சியும் ராத்திரி வாசிப்பும் நின்றுபோகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். சென்னையில் நமக்கு ஒத்துவரும் நேரத்தை ஊருக்கும் தூக்கிக்கொண்டு போவதுதான் சிக்கல் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு வீட்டிலும் நாள் ஒரு மாதிரி ஓடும். அதில் யாரும் நம்மைத் தேடாத நேரம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். அதைக் கண்டுபிடித்து, வீட்டுப் பெரியவர்களிடம் வாய்விட்டுச் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்குப் புகுந்த வீடு திருநெல்வேலி டவுன். பிறந்த வீடு அம்பாசமுத்திரம், சுருக்கமாக அம்பை. விடுமுறை இரண்டு வீட்டுக்கும் பங்கு பிரியும். இரண்டு இடத்திலும் எனக்கு ஒத்துவந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பயம் போகட்டும். 1980களின் முதல் பாதியில் அமெரிக்காவில் ராபர்ட் ஹிக்சன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அடுத்தடுத்துச் சில சோதனைகள் செய்தார்கள். வாரத்துக்கு 6 நாள், நாளைக்கு 40 நிமிடம் என்று 10 வாரம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களின் பயிற்சியைக் குறைத்துப் பார்த்தார்கள். வாரத்துக்கு 2 நாளாகக் குறைத்தவர்களுக்கும், நாளைக்கு 13 நிமிடமாகக் குறைத்தவர்களுக்கும், உடல் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும் திறன் 15 வாரம் வரை பெரிதாகக் குறையவில்லை. பயிற்சியின் கடுமையைக் குறைத்தபோதுதான் அது இறங்கியது. ஆக, பத்து நாள் விடுமுறையில் நேரம் சுருங்குவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கிடைக்கிற கால் மணி நேரத்தில் மூச்சு வாங்க வேண்டும், அவ்வளவுதான். உலக சுகாதார நிறுவனமும் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையை எடுத்துவிட்டது. மாடிப்படி நாலு தடவை ஏறி இறங்கினாலும் கணக்கில் வரும்.

டவுனில் எனக்கான நேரம் விடிகாலை. அத்தை ஐந்து மணிக்கெல்லாம் எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிடுவார். காபிக்கு அப்புறம் அடுக்களை வேலை சூடு பிடிக்கும். குளியலறைக்கு வரிசை நிற்கும். அதற்கு முன்னால் இருக்கும் அரை மணி நேரத்தில் ஒருவரும் நம்மைத் தேடுவதில்லை. ஆனால் சத்தமில்லாமல் நழுவிப் போகக் கூடாது. மருமகளைக் காணோம் என்று வீடே தேட ஆரம்பித்தால், மறுநாள் நமக்கே கிளம்ப மனம் வராது. முந்தைய நாள் ராத்திரியே, "அத்தை, காலைல கொஞ்ச நேரம் நடந்துட்டு வந்துருதேன்" என்று சொல்லி வைப்பேன். "இந்தப் பனியிலயா? தலையில துண்டக் கெட்டிக்கிட்டுப் போ" என்பார். இவ்வளவு பேச்சு நடந்துவிட்டால் போதும். அப்புறம் யார் கேட்டாலும் பதில் சொல்ல அத்தை இருக்கிறார்.

நடப்பதற்கு நெல்லையப்பர் கோயிலைச் சுற்றியிருக்கும் நான்கு ரத வீதிகளைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. கோயிலைச் சுற்றி நடப்பவரை அந்த ஊரில் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சிறு ஊரில் ஒரு பெண் தனியாக வேகமாக நடந்தால் ஜன்னலில் தலைகள் தெரியும். கோயில் வீதியில் அந்தத் தொந்தரவு இல்லை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு வீதி, தெப்பக்குளத்துக் கரை, பள்ளிக்கூட மைதானம் இருக்கும். பூக்காரம்மா கூடையை இறக்குவதற்குள் நான் ஒரு சுற்று முடித்திருப்பேன். அடுத்த சுற்றை இன்னும் வேகமாக நடப்பேன்.

மழை என்றால் மொட்டை மாடி. அதற்கென்று எந்தக் கருவியும் வேண்டாம். தோப்புக்கரணம், கைப்பிடிச் சுவரில் கை ஊன்றித் தண்டால், துவைத்த துணி வாளியோடு படியேறுவது. ஈரப் போர்வை இரண்டு இருந்தால் அந்த வாளி என்ன கனம் கனக்கும் என்று தூக்கியவர்களுக்குத் தெரியும். ஸ்கிப்பிங் மட்டும் வேண்டாம். கீழே படுத்திருக்கும் பெரியவர்களுக்குத் தளம் அதிரும்.

அம்பையில் கதை வேறு. அங்கே அம்மா ஆற்றுக்குக் கிளம்புவாள், கூடவே நானும் போவேன். அம்மாவின் நடை மெதுவானது. வழியில் நாலு பேரிடம் நின்று பேசுவாள். தயவுசெய்து அதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்த்து அவளை விரட்டாதீர்கள். அவளோடு போவதற்காகவே போங்கள். எனக்கு உடற்பயிற்சி தாமிரபரணியில் எதிர்நீச்சல். மூச்சு திணறக் கால் மணி நேரம்கூட ஆகாது. நீச்சல் நன்றாகத் தெரிந்தால் மட்டும், ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள். மேலே பாபநாசம் அணையில் தண்ணீர் திறந்தால் இழுப்பு சட்டென்று கூடும்.

சாப்பாட்டைப் பற்றி ஒரே வரி: பந்தியில் உட்கார்ந்து கலோரி பேசாதீர்கள்.

இனி வாசிப்பு. ராத்திரி வாசிப்பை ஊரில் மறந்துவிடலாம். எல்லோரும் கூடியிருக்கும் நேரம் அதுதான். பேச்சு பத்து மணியைத் தாண்டும், அப்புறம் பட்டாசாலைக் கூடத்தில் வரிசையாகப் பாய் விரித்து விளக்கை அணைத்துவிடுவார்கள். பகலில் சாப்பாடு முடிந்து இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரை வீடே தூங்கும். நம் ஊர் வீடுகளில் வாசிப்பவர்களுக்கு என்றே அமைந்த நேரம் அது.

காகிதப் புத்தகம் கொண்டுபோங்கள். போனில் படித்தால், நாம் எவ்வளவு நல்ல நூலைப் படித்தாலும், பார்ப்பவர்களுக்கு எந்நேரமும் போன்தான். புத்தகம் என்றால் "என்ன கதை?" என்று கேட்பார்கள். பேச்சு அங்கே ஆரம்பிக்கும். தடித்த நாவல் வேண்டாம். பெயர்களை நினைவில் வைப்பதற்குள் யாராவது கூப்பிடுவார்கள். பத்துப் பதினைந்து பக்கச் சிறுகதைகளை ஒரே உட்காரலில் முடித்துவிடலாம்.

கொண்டுபோக மறந்துவிட்டாலும் பரவாயில்லை, பரணைப் பாருங்கள். வார இதழ்களில் வந்த தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைத்த வீடுகள் இன்னும் உண்டு. எங்கள் பரணில் இருப்பது அத்தை கல்யாணத்துக்கு முன்னால் சேர்த்தது. முதுகில் காலிகோ துணி ஒட்டியிருக்கும், ஓரத்தில் அவருடைய கன்னிப்பெயர் இருக்கும், நடுவில் இரண்டு அத்தியாயங்கள் இருக்காது. அந்த வாரங்களில் என்ன நடந்தது என்று கேட்டால் அடுக்களையில் நின்றபடியே வசனத்தோடு சொல்வார். அத்தை எவ்வளவு பெரிய வாசகி என்று எனக்குத் தெரியவந்தது அப்படித்தான். பரணும் கைவிட்டால் கிளை நூலகம் இருக்கிறது. 1948ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் புண்ணியத்தில் நம் மாநிலத்தில் சின்ன ஊர்களில்கூட ஒன்று இருக்கும். உட்கார்ந்து படிக்க உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை.

மாமாவுக்குக் கண்புரை அறுவை சிகிச்சை ஆன சமயம், சில நாள் கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பேப்பர் படிக்க முடியாமல் தவித்தார். நான் படித்துக்கொண்டிருந்த சிறுகதையைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். வாய்விட்டுப் படிக்கும்போது வரிகளைத் தாண்டி ஓட முடியாது. கண் மேய்ந்துவிட்டுப் போகும் இடங்களில் எல்லாம் நின்றுதான் ஆக வேண்டும். ஒரு நல்ல கதையை அவ்வளவு முழுமையாக நான் அதற்கு முன் படித்ததில்லை. கண் சரியான பிறகும் நாங்கள் போனால் மதியம் அவர் காத்திருக்கிறார். உங்கள் வீட்டிலும் கண் மங்கிய தாத்தாவோ ஆச்சியோ இருந்தால் கேட்டுப் பாருங்கள்.

பொங்கலன்று மட்டும் இரண்டையும் விட்டுவிடலாம். விடிவதற்கு முன்பே கோலம், அடுப்புக்கட்டி, பானை, பனங்கிழங்கு, மஞ்சள்குலை என்று எல்லோருக்கும் வேலை இருக்கும். அன்று ஒதுங்கி நடக்கப் போனால் மற்றவர்களுக்குத்தான் சுமை கூடும். மறுநாள் காலை கிளம்பிக்கொள்ளலாம். அத்தையிடம் முந்தின ராத்திரியே சொல்லிவிடுங்கள்.