அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்த தாத்தாவின் கட்டுரைகளை எங்கே, எப்படித் தேடுவது?

பெயரை வைத்துத் தொடங்காதீர்கள். பழைய ஆய்விதழ்களில் நம் ஆட்கள் பெயர் ஒரே மாதிரி அச்சாகியிருக்காது. இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால் வரும், அடுத்ததில் பின்னால் போயிருக்கும். கட்டுரையில் வரும் நெல் பருவத்தின் பெயரைப் பிடியுங்கள். தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை, சம்பா, தாளடி; தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம். 'பிசானம்' என்பதை ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதமாக அடித்துப் பாருங்கள், நம்ம சீமைக் கட்டுரைகள் தனியே பிரிந்து வரும்.

முதலில் பார்க்க வேண்டியது கோயம்புத்தூரிலிருந்து வரும் மெட்ராஸ் அக்ரிகல்ச்சுரல் ஜர்னல். பழைய இதழ்கள் இணையத்திலேயே கிடைக்கின்றன. ஸ்கேன் மங்கலாக இருந்தால் தேடல் பெட்டி கைவிட்டுவிடும். பொருளடக்கத்தைக் கண்ணால்தான் ஓட்ட வேண்டும். கட்டுரைக் கடைசியில் வரும் நன்றியுரையையும் விடாதீர்கள். வயலில் நின்று கணக்கெடுத்த இளநிலை உதவியாளர் பெயர் பல நேரம் அங்கேதான் இருக்கும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வந்தது 1971-இல். தாத்தா அதற்கு முன்பே பணியில் இருந்தவர் என்றால் மாநில வேளாண்மைத் துறையின் ஆண்டறிக்கைகளையும் பார்க்க வேண்டும்.

கட்டுரையே எழுதாதவர் உழைப்புகூட அந்த நிலையம் உருவாக்கிய நெல் ரகத்தில் இருக்கும். ஏ.எஸ்.டி. என்று தொடங்குபவை எல்லாம் அம்பை, அதாவது அம்பாசமுத்திரம் ரகங்கள். 1986-இல் வெளியான ஏ.எஸ்.டி. 16 என்பது, ஆடுதுறை ரகமான ஏ.டி.டி. 31-ஐயும் கோயம்புத்தூர் ரகமான கோ 39-ஐயும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியது. ரகத்தின் பெயரில் நிலையம்தான் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். அதனால் வீட்டில் பழைய வயல் நோட்டு இருந்தால் அது பொக்கிஷம். அதில் பெருக்கல் குறி போட்டு இரண்டு ரகம் எழுதியிருந்தால், வழக்கப்படி முதலாவது தாய், இரண்டாவது தந்தை.

டிரங்குப் பெட்டியில் கட்டுரைகளின் தனிப்பிரதிகள் (இதழிலிருந்து அந்தக் கட்டுரையை மட்டும் தனியே அச்சிட்டது) இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்திருந்தால் இழுக்காதீர்கள், தாள் கிழிந்து வரும். பின்பக்கம் மடங்கிய கால்களை மொண்ணைக் கத்தியால் நிமிர்த்தி, முன்பக்கமாகக் கழற்றுங்கள். கிழிசலுக்கு செலோடேப் வேண்டாம். பசை மஞ்சளாகி எழுத்தில் இறங்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது. எழுத்துப் பக்கங்களை 300 டிபிஐயிலும், படம் உள்ளவற்றை 600-லும் ஸ்கேன் செய்யுங்கள். மேலட்டையையும் சேர்த்தே எடுங்கள். இதழ் பெயர், தொகுதி எண், ஆண்டு பெரும்பாலும் அதில்தான் அச்சாகியிருக்கும். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எந்த ஆண்டுக் கட்டுரை என்று பின்னால் யாராலும் சொல்ல முடியாது.