சூரியனைப் பார்க்க முடியாதவரின் சூரியப் பாடல்

கேள்வி: அக்டோபர் 4 அன்று எங்கள் பங்கில், அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் இயற்றிய ‘படைப்புகளின் பாடல்’ வாசிக்கப்பட்டது. மலையும் ஓடையும் சூழ, கவலையின்றி வாழ்ந்த ஒருவருடைய பாட்டாகவே அது என் காதில் விழுந்தது. மூன்று ஆண்டுகளாக மருந்தும் மாத்திரையுமாகக் கிடக்கும் நான், அந்த வரிகளை மனமறிந்து சொல்ல முடியுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்தப் பாட்டைக் கேட்பவர் பெரும்பாலோர் அப்படித்தான் எண்ணுகிறார்கள், பறவைகள் சூழ நிற்கும் பிரான்சிசின் படங்களும் அதற்கு ஒரு காரணம். ஆனால் அது பிறந்த இடத்தில் ஓடையும் இல்லை, ஒளியும் இல்லை. 1225-ஆம் ஆண்டுவாக்கில், இத்தாலியின் அசிசி நகருக்கு வெளியே, அவர் வழியைப் பின்பற்றிய துறவியான புனித கிளாரா வாழ்ந்துவந்த சான் தமியானோ ஆலயத்தை ஒட்டி, பாய்களைக் கொண்டு அமைத்த ஒரு சிறு குடிலில் பிரான்சிஸ் ஐம்பது நாட்களுக்கும் மேலாகப் படுத்திருந்தார். கண்நோய் முற்றியிருந்ததால் பகலில் வெயிலையும், இரவில் விளக்கு வெளிச்சத்தையும்கூட அவரால் தாங்க முடியவில்லை. போதாக்குறைக்கு எலித் தொல்லை. உறங்கவோ இறைவேண்டல் செய்யவோ முடியாதபடி அவை அவர்மீதே ஏறி ஓடின என்று அவருடன் இருந்த துறவியர் விட்டுச்சென்ற நினைவுக் குறிப்புகள் கூறுகின்றன. ஓர் இரவு தம் நிலையை எண்ணித் தாமே இரங்கி, பொறுமையை வேண்டி மன்றாடிய அவர், விடிந்ததும் எழுந்து உட்கார்ந்து பாடியதுதான் நீங்கள் கேட்ட பாட்டு. தாம் ஏறெடுத்துப் பார்க்க முடியாத சூரியனைத்தான் ‘அண்ணன்’ என்று முதலில் வைத்தார்.

அதன் பின்னர், ரியேத்தி நகரருகே மருத்துவர் அவருக்குச் சூடு வைத்தார். பழுக்கக் காய்ச்சிய இரும்பு காதோரம் தொடங்கிப் புருவம்வரை இழுக்கப்பட்டது. உடனிருந்த துறவியர் பார்க்கப் பொறுக்காமல் ஓடிவிட்டார்கள். பிரான்சிசோ அந்த இரும்பின் நெருப்பைப் பார்த்து, உன்னை எப்போதும் நேசித்திருக்கிறேன், இப்போது என்னிடம் சற்று மென்மையாக நடந்துகொள் என்ற பொருளில் பேசினார். தம் பாட்டில் அழகும் களிப்பும் வலிமையும் உள்ளவன் என்று அவர் புகழ்ந்த அதே நெருப்புத்தான் அது.

உங்களுக்கு நான் முதன்மையாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. பாட்டின் பிற்பகுதியில், உம் அன்பின் பொருட்டு மன்னிப்போருக்காகவும் பிணியையும் இடரையும் தாங்குவோருக்காகவும் உமக்குப் புகழ் என்று ஓர் அடி வருகிறது. அசிசியின் ஆயர் நகரத் தலைவரைத் திருச்சபைக்குப் புறம்பாக்கி, நகரத் தலைவரோ ஆயருடன் ஒருவரும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பறைசாற்றியிருந்த வேளையில், அவர்கள் இருவர் முன்பும் பாடுவதற்கென்றே பிரான்சிஸ் இதைச் சேர்த்தார், கேட்டவர்கள் சமாதானமானார்கள். நோயுற்றிருக்கும் நீங்கள் அப்பாட்டை வெளியிலிருந்து கேட்பவர் அல்லர். சூரியனோடும் நிலவோடும் நீங்களும் அதில் இடம்பெற்றிருக்கிறீர்கள். அதற்காக வலிக்கவில்லை என்று நடிக்க வேண்டியதில்லை. பிரான்சிசும் நடிக்கவில்லை.

கேள்வி: இப்பாட்டின் ஒரு மொழிபெயர்ப்பில் ‘நிலவுக்காக உமக்குப் புகழ்’ என்றும், மற்றொன்றில் ‘நிலவின் வழியாக உமக்குப் புகழ்’ என்றும் உள்ளது. எது சரி?
– மறைக்கல்வி ஆசிரியர், தூத்துக்குடி

பதில்: சிக்கல் ‘பெர்’ என்னும் ஒரு சிறு சொல்லில் இருக்கிறது. பிரான்சிஸ் இலத்தீனில் எழுதாமல், தம் ஊர் மக்கள் பேசிய உம்பிரியா வட்டார மொழியில் பாடினார். அம்மொழியில் ‘பெர்’ என்பது ‘பொருட்டு’, ‘ஆல்’, ‘வழியாக’ என்னும் பொருள்கள் அனைத்துக்கும் இடம் தரும். தமிழிலோ நான்காம் வேற்றுமையா மூன்றாம் வேற்றுமையா என்று முடிவு செய்யாமல் அந்த வாக்கியத்தை முடிக்கவே முடியாது. ‘நிலவுக்காக’ என்றால் நன்றி கூறுபவர் நாம்; ‘நிலவால்’ என்றால் புகழ்வது நிலவே, நாம் அதனோடு சேர்ந்துகொள்கிறோம். திருப்பாடல் 148-இலும், தானியேல் நூலில் தீச்சூளைக்குள் நின்று மூன்று இளைஞர் பாடும் பாட்டிலும் படைப்புகளே இறைவனைப் புகழ அழைக்கப்படுகின்றன. பிரான்சிஸ் அவற்றைத் துறவியர் நாள்தோறும் சொல்லும் இறைவேண்டலான திருப்புகழ்மாலையில் சொல்லிச் சொல்லிப் பழகியவர். ஆகவே என் சாய்வு இரண்டாவது பொருளின் பக்கம். எனினும், முதலாவதைப் பிழை என்று மாணவரிடம் சொல்ல வேண்டாம். நன்றி கூறும் வாயை அடைப்பானேன்?

கேள்வி: பறவைகளுக்கு மறையுரை ஆற்றியவர், பாட்டில் ஒரு பறவையைக்கூடச் சொல்லவில்லையே?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: சொல்லவில்லைதான், விலங்குகளும் இல்லை. வானின் சுடர்களும், காற்று, நீர், நெருப்பு, நிலம் என்பவையுமே முதன்மையாக உள்ளன. காரணத்தை அவர் கூறிச் செல்லவில்லை.

கேள்வி: எங்கள் பாடகர் குழுவில் இதைப் பாட விரும்புகிறோம். பிரான்சிஸ் பாடிய மெட்டு கிடைக்குமா?
– பாடகர் குழுப் பொறுப்பாளர், திருச்சி

பதில்: கிடைக்காது. அசிசியில் பேணப்படும் 13-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப் படியில், இசைக்குறிகளுக்கென இடம் விடப்பட்டிருக்கிறது. ஆனால் எழுதியவர் அதை நிரப்பவில்லை. எனவே உங்கள் மெட்டையே அமைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: தண்ணீர்த் தங்கையைப் பற்றிய அடியில், பயன் தருபவள், தாழ்மையானவள், அருமையானவள், தூயவள் என்று நான்கு அடைமொழிகள் வருகின்றன. அந்த இடத்தில் தாளத்தை விரைவுபடுத்தாதீர்கள்.