சிறுகுளமும் சிறுபோகக் கணக்கும்

கேள்வி: எங்கள் ஊர்க்குளம் இம்முறை வான் பாயவில்லை (நிரம்பி வழியவில்லை). சென்ற ஆண்டு 40 ஏக்கரிலும் சிறுபோகம் (கோடைப் போகம்) விதைத்து, கதிர் வெளிவரும் வேளையில் துருசால் (குளத்து மதகால்) சேறுதான் வந்தது. இம்முறை எத்தனை ஏக்கர் செய்வது என்று கமக்காரர் அமைப்புக்குள் பிணக்கு. என்ன செய்யலாம்?
– ஒட்டுசுட்டான் பகுதிக் கமக்காரர்

பதில்: ஏக்கரை முதலில் பேசியதால்தான் பிணக்கு வந்திருக்கிறது, முதலில் நீரை அளந்துவிடுங்கள். பங்குனியில் நீர் 30 ஏக்கரில் பரந்து, சராசரி 5 அடி ஆழத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், இருப்பு 150 ஏக்கர் அடி (ஒரு ஏக்கரில் ஓர் அடி ஆழத்துக்கு நிற்கும் நீரே ஓர் ஏக்கர் அடி). கோடையில் நாளொன்றுக்கு 5, 6 மில்லிமீற்றர் ஆவியாவதால் நூறு நாட்களில் ஏறத்தாழ 2 அடி நீர் யாருக்கும் பயனின்றிப் போய்விடும். வெயில் கடுமையானால் இன்னும் போகும். நீர்ப்பரப்பு சுருங்கிக்கொண்டே வருவதைக் கழித்துப் பார்த்தாலும் இழப்பு 45 ஏக்கர் அடிக்குக் குறையாது. கசிவுக்கும், மாடுகளுக்கும், சுற்றுக் கிணறுகள் வற்றாமலிருக்கக் குளத்தில் விட வேண்டியதற்குமாக 35ஐ ஒதுக்கினால், வயலுக்கு மிஞ்சுவது 70. சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு ஏறத்தாழ 4 ஏக்கர் அடி தேவை என்பதால், 17 ஏக்கருக்கு மேல் விதைப்பது சூதாட்டம். உழுந்தும் பயறும் இதில் பாதி நீர்கூடக் கேளா.

அந்த 17 ஏக்கர் யாருடையது என்பதே அடுத்த பிணக்காகும். துருசுக்கு அண்மையிலுள்ள வயலை இந்தப் போகத்துக்கு மட்டும் எல்லோருக்கும் பங்கு பிரித்துக் கொடுப்பதே நமது பழைய வழக்கம். தலைவாய்க்கால்காரர் முகம் சுளிப்பார்கள். சென்ற ஆண்டுச் சேற்றை நினைவூட்டுங்கள். முடிவை விதைப்புக்கு முன்னரே கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: எல் நினோ ஆண்டில் (பசிபிக் கடல் வழமையைவிடச் சூடாகும் ஆண்டில்) காலபோக மழை (மாரிப் போகத்து மழை) பொய்க்குமா?
– செட்டிகுளம் வாசகி

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் அத்தகைய ஆண்டுகளில் ஐப்பசி, கார்த்திகை மழை வழமையைவிடக் கூடுவதே பெரும்பாலும் நிகழ்வது. தை பிறந்த பின்னரே வானம் கைவிடும். 2016, 2017 வரட்சியில் காய்ந்த வன்னி 2018 மார்கழியில் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்ட பின்னர், சராசரி மழையை நம்பித் திட்டமிட முடியாது. ஆகவே முதல் மழைக்கு முன்னரே புழுதி விதைப்பை (உலர்ந்த மண்ணில் விதைப்பதை) முடித்து, பிஜி 300 போன்ற மூன்று மாத நெல்லினத்தைத் தேர்ந்தால், தை வெயிலுக்கு முன்னர் பயிர் முற்றிவிடும். குளத்து நீரும் சிறுபோகத்துக்கு மிஞ்சும்.