டேப்லெட்டில் இருக்கும் மியூசிக் ஆப்பை மட்டும் வைத்து கவர் பாடல் செய்ய முடியுமா? கேட்பவர்கள் சிரிப்பார்களா?

முடியும். ஏற்கனவே வந்த ஒரு பாட்டை நம் குரலில் திரும்பப் பாடிப் பதிவு செய்வதுதானே கவர்? 2011-லேயே ஐபேடில் செய்திருக்கிறேன்.

"சிரிப்பார்களா" என்று கேட்டிருக்கிறீர்களே, அதனால்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். யாரோ உங்களிடம் இதைப் பொம்மை என்று சொல்லியிருக்க வேண்டும். என்னிடமும் சொன்னார்கள். எங்கள் ஊரில் ரெக்கார்டிங் செய்யும் ஒருவர், ஐபேடைக் கையில்கூட வாங்கிப் பார்க்காமல், "இது பிள்ளைங்க விளையாடுற சாமான் தம்பி" என்றார். இன்னும் மறக்கவில்லை. அதற்கு முந்தைய வருஷமே கொரில்லாஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்குழு அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ஒரு ஆல்பத்தின் பெரும்பகுதியை ஐபேடிலேயே செய்து முடித்திருந்தது.

அந்த வருஷம் லீவுக்கு சிங்கப்பூரிலிருந்து வந்த அக்கா, தன் ஐபேட் 2-ஐ என்னிடம் விட்டுவிட்டுப் போனார். ஆப்பிளின் மியூசிக் ஆப்பான கராஜ்பேண்ட் அந்த மார்ச்சில்தான் ஐபேடுக்கு வந்திருந்தது. அப்போது விலை ஐந்து டாலர், மொத்தம் எட்டு டிராக், அதாவது எட்டு வாத்தியமோ குரலோ தனித்தனியாகப் பதிவு செய்து அடுக்கலாம். சின்ன வயதில் எங்களைத் தூங்கவைக்க அம்மா பாடும் ஒரு பழைய சினிமாத் தாலாட்டை, அவர் குரலிலேயே பதிவு செய்ய வேண்டும் என்பதுதான் ஆசை.

முதலில் தாளம் இடித்தது. அந்தப் பாட்டு சிக்ஸ்-எய்ட், அதாவது ஒரு பாருக்கு (ஒரு தாளச் சுற்றுக்கு) ஆறு அட்சரம். ஆப்பின் அந்த முதல் பதிப்பிலோ பாருக்கு நாலு தட்டு வரும் ஃபோர்-ஃபோர் தவிர வேறு கிடையாது. ஆப் தானாகவே டிரம்ஸ் அடிக்கும் ஸ்மார்ட் டிரம்ஸில் எதை எங்கே நகர்த்தினாலும் நேர் நாலாகவே அடித்தது. இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். மூன்றாம் நாள், தட்டு எண்ணிக்கொடுக்கும் மெட்ரோனோமை நாலிலேயே ஓடவிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் மூன்று அட்சரமாக ஒரு "தகிட" சொல்லிப் பார்த்தேன். ஒரு பாருக்கு நாலு தகிட, பன்னிரண்டு அட்சரம். அதாவது சிக்ஸ்-எய்டில் இரண்டு பார். கச்சிதமாக உட்கார்ந்தது! அப்புறம் டிரம்ஸ் முழுவதையும் விரலாலேயே தட்டினேன். ஓங்கித் தட்டினால் சத்தம் கூடும், மெல்லத் தொட்டால் குறையும். தட்டும் அதிர்வை உள்ளே இருக்கும் ஆக்ஸிலரோமீட்டர் (அசைவை உணரும் சென்சார்) பிடித்துக்கொள்கிறது. அந்த நவம்பர் அப்டேட்டில் சிக்ஸ்-எய்ட் வந்துவிட்டது, அதனால் உங்களுக்கு இந்தப் பாடு இல்லை. ஆனால் ஒரு ஸ்வரம் வாசிக்கும் முன்பே தாளத்தை செட்டிங்கில் மாற்றிவிடுங்கள். ஒரு செக்‌ஷன் (பாட்டின் ஒரு பகுதி) எட்டு பார்தான் என்று இருக்கும், அதையும் ஆட்டோமேட்டிக்கில் போடுங்கள். இல்லாவிட்டால் பல்லவி பாதியிலேயே நிற்கும்.

அடுத்தது சுருதி. ஒரிஜினல் பாட்டின் சுருதியிலேயே எல்லாவற்றையும் வாசித்து வைத்துவிட்டேன். சரணத்தில் மேலே போகும் இடத்தில் அம்மாவுக்கு எட்டவில்லை. அவருக்கு நாலு கட்டை சுருதிதான் வசதி. ஆப்பில் வாசித்ததெல்லாம் கீயை (சுருதியை) மாற்றினால் கூடவே நகரும், பதிவு செய்த குரல் நகராது. ஆகவே பாடப்போகிறவரை முதலில் உட்காரவைத்து, சும்மா ஒரு தடவை பாடச் சொல்லி, சுருதியைப் பிடித்துக்கொண்டு பிறகு தொடங்குங்கள்.

குரலை ஐபேடின் மைக்கிலேயே எடுத்தோம். ஃபேனை நிறுத்தி, ஜன்னலில் போர்வை தொங்கவிட்டு, அம்மாவுக்கு வயர் ஹெட்ஃபோன் மாட்டினேன். முதல் டேக்கில் (முதல் தடவை பதிவில்) கிணிங் கிணிங் என்று ஒரு சத்தம். தொடையில் தாளம் போடும்போது வளையல் மோதுகிறது. கழற்றச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே புரிந்துகொண்டு, வளையல்களை ஒன்றாகச் சேர்த்துக் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, "இப்ப போடுடா" என்றார். அடுத்த டேக்தான் இன்றுவரை என்னிடம் இருக்கிறது.

உடனே சிலர் வருவார்கள், கம்ப்யூட்டரும் ஸ்டுடியோவில் வைக்கும் கண்டென்சர் மைக்கும் இல்லாமல் தரம் எங்கே என்று. ஸ்டுடியோ தரம் என்று நான் சொல்லவே இல்லை. முதல் கவர் செய்கிறவருக்கு இது போதும் என்கிறேன். ஆப்பிளுக்கு விளம்பரம் செய்கிறேன் என்பவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன்: என் கையில் கிடைத்தது அது, அவ்வளவுதான்.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லை, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அந்தப் பாட்டின் பேஸ் கிட்டாரைப் பிடிக்க நாலு நாள் ஒவ்வொரு பாராகத் திரும்பத் திரும்பக் கேட்டேன். சரணத்தில் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் மூன்றே ஸ்வரம் இறங்கி வரும், அதைக் கேட்டால் கண் கலங்கும். வாசித்தவர் யார்? கேசட் அட்டையில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர் இருக்கிறது. வாசித்தவர் பெயர் இல்லை. ரெக்கார்டு பிளேட் உறையிலும் தேடினேன், அங்கும் இல்லை. அத்தனை பேர் வாசித்த காலம் அது. ஒரு வரி அச்சடிக்க என்ன செலவாகியிருக்கும்? நீங்கள் கவர் போடும்போது, ஒரிஜினலில் வாசித்தவர் பெயர் தெரிந்தால் தயவுசெய்து டிஸ்கிரிப்ஷனில் எழுதுங்கள்.

புளூடூத் ஹெட்ஃபோன் மட்டும் வேண்டாம், சத்தம் தாமதமாக வந்து தாளம் தள்ளிப்போகும். உங்களிடம் இருப்பது எந்த டேப்லெட், பாடப்போகிறவருக்கு எத்தனை கட்டை என்று கீழே எழுதுங்கள், அதற்கேற்பச் சொல்கிறேன்.