ஐந்து நாள் சிகிச்சை, 86,000 ரூபாய் பில்: செல்லப்பிராணி இறந்தால் மருத்துவமனை மீது வழக்குத் தொடர முடியுமா?

கேள்வி: நாங்கள் தாம்பரத்தில் வசிக்கிறோம். சாப்பிடாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த எங்கள் ஏழு வயது பெண் லாப்ரடார் நாயைச் சென்ற மாதம் ஒரு தனியார் செல்லப்பிராணி மருத்துவமனையில் சேர்த்தோம். ஒரு மாதத்துக்கு முன் அது பருவத்துக்கு வந்து போனதையும், சில நாட்களாக அளவுக்கு மீறித் தண்ணீர் குடிப்பதையும் அப்போதே சொன்னோம். வயிற்றுக் கோளாறு என்று மூன்று நாள் டிரிப்ஸ் ஏற்றினார்கள். நான்காம் நாள் வெளியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். கருப்பையில் சீழ் என்று வந்தது. அன்று மாலை அறுவை சிகிச்சை நடந்தது, மறுநாள் விடியற்காலையில் இறந்துவிட்டது. 30,000 ரூபாய்க்குள் முடியும் என்று வாய்மொழியாகச் சொன்னவர்கள் 86,000 ரூபாய் பில் கொடுத்து, பாக்கியைக் கட்டிய பிறகே உடலைத் தந்தார்கள். இரவில் ஓர் உதவியாளர் மட்டுமே இருந்தார். சிகிச்சைக் குறிப்புகளைத் தர மறுக்கிறார்கள். இப்போது, 'புகார் எதுவும் இல்லை' என்று எழுதிக் கொடுத்தால் 10,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொல்கிறார்கள். போலீசுக்குப் போகலாம் என்கிறார் என் அண்ணன். என்ன செய்யலாம்?

பதில்: போலீஸ் புகாரை முதலில் தள்ளி வைத்துவிடுங்கள். அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதைக் குற்றமாக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 106ஆம் பிரிவு மனிதர்களின் மரணத்தை மட்டுமே பேசுகிறது. விலங்கைக் கொல்வது பற்றிய 325ஆம் பிரிவு, சேதம் விளைவிக்கும் எண்ணமோ, விளையும் என்ற அறிவோ இருந்தால்தான் பொருந்தும். நோயைக் கண்டுபிடிக்கத் தாமதித்த மருத்துவருக்கு அப்படியோர் எண்ணம் இருந்ததாக நீங்களே சொல்லவில்லை. காவல் நிலையத்துக்கு நடந்து மாதங்கள் வீணாவதைத் தவிர இதில் பலன் இருக்காது.

உங்களுக்கான இடம் செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பணம் வாங்கிக்கொண்டு அளிக்கப்படும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்தின்படி சேவையே என்று இந்திய மருத்துவ சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. அது மனித மருத்துவம் பற்றிய வழக்கு என்றாலும், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக்குத் தரப்பட்டுள்ள விளக்கம் கட்டணம் வாங்கும் கால்நடை மருத்துவமனையையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிவானது. எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு கால்நடை மருத்துவமனையாக இருந்திருந்தால் இந்த வழி கிடைத்திருக்காது. குட்டி ஈன வைத்து விற்பதற்காக வளர்த்த நாய் என்றால், வணிக நோக்கம் என்று எதிர்தரப்பு ஆட்சேபிக்கும். உங்களுடையது வீட்டு நாய் என்பதை மனுவிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இனி, வழக்கை எதன் மீது கட்டுவது என்பதுதான் முக்கியம். 'அலட்சியத்தால் கொன்றுவிட்டார்கள்' என்று தொடங்கத்தான் மனம் விரும்பும். ஆனால் உங்கள் வழக்கில் மிகக் கடினமான பகுதி அதுவே. நோயாளி இறந்தார் என்பதாலோ, வேறொரு மருத்துவர் வேறு முறையைக் கையாண்டிருப்பார் என்பதாலோ மட்டும் அலட்சியம் நிரூபணமாகிவிடாது. அத்துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் காட்டியிருக்க வேண்டிய கவனம் காட்டப்பட்டதா என்பதே அளவுகோல் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம் வகுத்தது. பிரேதப் பரிசோதனை நடந்ததாக நீங்கள் குறிப்பிடவில்லை. சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் அதைச் செய்திருந்தால் மரணத்தின் காரணத்துக்கு மருத்துவமனையைச் சாராத சான்று கிடைத்திருக்கும். அது இல்லாத நிலையில், மூன்று நாள் தாமதத்தால்தான் மரணம் நேர்ந்தது என்பதை நீங்கள் வேறு வழியில் காட்ட வேண்டியிருக்கும்.

அந்த வழி உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கருத்தடை செய்யப்படாத, நடுவயதைக் கடந்த பெண் நாய், பருவம் முடிந்து சில வாரங்களில் சோர்ந்து, வாந்தி எடுத்து, அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் கருப்பைச் சீழைச் சந்தேகிக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவத்தில் அடிப்படைப் பாடம். அதை உறுதிசெய்ய வயிற்றை ஸ்கேன் எடுத்தாலே பெரும்பாலும் போதும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி 'ஏன் காப்பாற்றவில்லை' என்பதன்று; இந்த விவரங்களை முதல் நாளே சொல்லியும் நான்காம் நாள் வரை ஏன் ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை என்பதே. நீங்கள் சொன்னது அனுமதிக் குறிப்பில் எழுதப்பட்டிருந்தால் மருத்துவமனைக்குச் சங்கடம். எழுதப்படவே இல்லையென்றால் அதுவும் ஒரு குறைபாடுதான். ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர் ஒருவரிடம் ஸ்கேன் அறிக்கையைக் காட்டி எழுத்துப்பூர்வமாகக் கருத்து வாங்கப் பாருங்கள். அதே ஊரில் தொழில் செய்யும் மருத்துவர்கள் சக மருத்துவருக்கு எதிராக எழுதித் தரத் தயங்குவார்கள் என்பதால்தான் ஓய்வுபெற்றவரைச் சொல்கிறேன். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சி கட்டாயமில்லை என்று வி. கிஷன் ராவ் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தாலும், உங்கள் வழக்கில் அது இல்லாமல் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இதைவிடப் பலமானது பில். தனியார் கால்நடை மருத்துவமனை இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு விதிக்கும் சட்டம் எதுவும் இல்லாததால், '86,000 ரூபாய் அதிகம்' என்று மட்டும் வாதிட்டால் ஆணையம் கேட்காது. 30,000 என்று சொல்லிச் சேர்த்துவிட்டு, அதைத் தாண்டும்போது உங்களிடம் சொல்லிச் சம்மதம் வாங்கினார்களா என்று கேளுங்கள். தொகை பற்றிய வாட்ஸ்அப் செய்தி ஒன்று இருந்தாலும் அது பெரிய சான்று. மின்னணுச் சான்று என்பதால், புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63ஆம் பிரிவுப்படியான சான்றிதழுடன் அதைத் தாக்கல் செய்யுங்கள். அடுத்து, பில்லில் ஐந்து நாளுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணமோ இரவு மருத்துவர் கட்டணமோ போட்டிருக்கிறார்களா என்று வரிவரியாகப் பாருங்கள். இரவில் உதவியாளர் மட்டுமே இருந்தார் என்றால், அளிக்காத சேவைக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்றாகிறது. அதை நிரூபிக்க மருத்துவ நிபுணர் தேவையில்லை; பணிப் பதிவேட்டையும் கேமரா பதிவையும் தாக்கல் செய்யுமாறு உத்தரவிடக் கோரினால் போதும். கேமரா பதிவுகள் நாளடைவில் அழிந்துவிடும் என்பதால், அவற்றைப் பாதுகாத்து வைக்கும்படி இந்த வாரமே எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பில்லில் இன்னொன்றையும் கவனியுங்கள். விலங்குகளுக்கான மருத்துவச் சேவைக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. குளிப்பாட்டி முடி வெட்டுவதற்கும், ஊருக்குப் போகும்போது நாயை விட்டுச் செல்லும் காப்பகத்துக்கும் அந்த விலக்கு பொருந்தாது. சிகிச்சைக் கட்டணத்தின் மீது வரி போட்டிருந்தால் அதையும் மனுவில் தனியே குறிப்பிடுங்கள். தொகை சிறியதாக இருக்கலாம். பில் எவ்வளவு கவனமில்லாமல் போடப்பட்டது என்பதை அது காட்டும்.

பாக்கிக்காக உடலைப் பிடித்து வைத்ததைப் பற்றி: இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170ஆம் பிரிவை மருத்துவமனை துணைக்கு அழைக்கலாம். ஒப்படைக்கப்பட்ட பொருளின் மீது உழைப்பும் திறமையும் செலுத்தியவர், உரிய கூலி கிடைக்கும் வரை அதைத் தம் வசம் வைத்திருக்கலாம் என்கிறது அப்பிரிவு. சட்டத்தின் கண்ணில் வளர்ப்பு நாய் இன்றும் அசையும் சொத்துதான் என்பது கேட்கக் கசப்பாக இருந்தாலும் உண்மை. ஆனால் ஒப்படைத்த நோக்கத்தின்படி வேலை செய்யப்பட்டிருக்க வேண்டும் என்பதும், 'உரிய' கூலி என்பதும் அந்தப் பிரிவிலேயே உள்ள நிபந்தனைகள். இறந்த உடலைப் பணயமாக வைப்பதை அதற்குள் கொண்டுவருவது கடினம் என்பது என் கருத்து. எப்படியிருந்தாலும் பணத்தைக் கட்டிவிட்டதால் பில்லை எதிர்க்கும் உரிமையை நீங்கள் இழந்துவிடவில்லை.

சிகிச்சைக் குறிப்புகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது மனித மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நெறிமுறை. கால்நடை மருத்துவர்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஆவணங்களைத் தாக்கல் செய்ய வைக்கும் அதிகாரம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி ஆணையத்துக்கு உண்டு. எழுத்தில் கேட்டும் தரவில்லை என்ற பதிவு உங்களிடம் இருக்க வேண்டும். ஆகவே அனுமதிக் குறிப்பு, மருந்து விவரம், மயக்க மருந்துக் குறிப்பு, நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் படிவம் ஆகியவற்றின் நகல்களையும், கட்டண விவரத்தையும் கேட்டு, 15 நாள் அவகாசம் கொடுத்து, ஒப்புகையுடன் தபாலில் கடிதம் அனுப்புங்கள். 'எது நடந்தாலும் மருத்துவமனை பொறுப்பல்ல' என்று சம்மதப் படிவத்தில் இருந்தால் அஞ்ச வேண்டாம். அறுவை சிகிச்சைக்கே உரிய ஆபத்துகளை ஏற்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து, அலட்சியத்துக்கு அது அனுமதி ஆகாது.

பதில் வராவிட்டால் ஆணையத்தில் மனு தாக்கல் செய்யுங்கள். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. நீங்கள் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் தாக்கல் கட்டணம் இல்லை. எவ்வளவு இழப்பீடு கேட்கிறீர்கள் என்பது கணக்கில் வராது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதும் கட்டாயமில்லை. கட்டணம் இல்லை என்பதற்காக 20 லட்சம் கேட்டு மனுவைக் கேலிக்குரியதாக்கிவிட வேண்டாம். கட்டிய தொகை, மன உளைச்சலுக்கு நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு என்று கேளுங்கள்.

சிகிச்சை அளித்தவர் பதிவு பெற்றவரா என்பதைத் தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவ மன்றத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். 1984ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி பதிவு பெற்றவரே தொழில் செய்யலாம். சிறு பணிகளை மட்டும், உரிய தகுதி பெற்ற உதவியாளர் பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையில் செய்யலாம். இரவில் ஊசி போட்டவர் யார் என்ற கேள்வி இங்கும் எழும். மன்றம் மருத்துவர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம். உங்களுக்குப் பணம் வாங்கித் தராது.

10,000 ரூபாய் பற்றி: கட்டண விவரமும் சிகிச்சைக் குறிப்புகளும் கைக்கு வரும் முன் எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். புகார் இல்லை என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால், எதிர்தரப்பு தன் பதிலில் முதல் ஆவணமாக அதைத்தான் வைக்கும். சமரசமே வேண்டாம் என்று சொல்லவில்லை. மனு தாக்கலான பிறகு ஆணையமே இரு தரப்பின் ஒப்புதலோடு விவகாரத்தைச் சமரசத்துக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவில் வழி இருக்கிறது. அங்கே எட்டப்படும் உடன்பாடு ஆணையத்தின் உத்தரவாகப் பதிவாகும் என்பதால், பேச விரும்பினால் அங்கே பேசுங்கள்.