குழந்தைக்குத் திட்டமிடும்போது எம்.எம்.ஆர். ஊசி போடலாமா?

கேள்வி: குழந்தைகள் கிளினிக் ஒன்றில் வரவேற்பாளராக இருக்கிறேன். வயது 27, குழந்தைக்காகக் காத்திருக்கிறோம். ஊழியர்கள் எல்லோரும் எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா தடுப்பூசி), ஹெபடைடிஸ் பி, ஃப்ளூ ஊசிகள் போட்டே ஆக வேண்டும் என்கிறார்கள். கட்டாயப்படுத்த முடியுமா? எம்.எம்.ஆர். போட்டால் கரு தங்காது என்று யூடியூபில் பார்த்தேன். காய்ச்சல் வராமலிருக்க முதல் நாளே பாராசிட்டமால் போட்டுக்கொள்ளலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: கரு தங்கும். எம்.எம்.ஆர். ஊசிக்கும் மலட்டுத்தன்மைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அந்த வீடியோவை விட்டுவிடுங்கள்.

நீங்கள் பயப்பட வேண்டியது ஊசிக்கு அல்ல, காய்ச்சலும் தடிப்புமாக வரும் ரூபெல்லா தொற்றுக்கு. 2017-ல் தமிழ்நாட்டில் 9 மாதம் முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளுக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். உங்களுக்கு அப்போதே வயது தாண்டியிருக்கும். அதற்கு முன் அரசு அட்டவணையில் ரூபெல்லா ஊசியே கிடையாது. சின்ன வயதில் தனியாரிடம் எம்.எம்.ஆர். போட்டிருந்தால் ஒழிய, உங்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்று சொல்ல முடியாது. நீங்கள் உட்காரும் இடமோ வரவேற்பு மேசை. "உடம்பு பூரா பொரிப்பொரியா வந்திருக்குங்க" என்று தாய் தூக்கிவரும் பிள்ளை, டாக்டர் பார்ப்பதற்கு முன் உங்கள் முகத்துக்கு நேரேதான் இருமும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் ரூபெல்லா தொற்றினால் கரு கலையலாம். பிறக்கும் குழந்தைக்குக் காது கேளாமை, கண்புரை, இதயக் கோளாறு வரலாம்.

அதனால் கருத்தரிக்கும் முன்பே ஊசியை முடித்துவிடுங்கள். போட்டபின் ஒரு மாதம் கரு உண்டாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மாதவிலக்கு ஒரு நாள் தள்ளியிருந்தாலும் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை. கர்ப்பம் என்றால் எம்.எம்.ஆரும் சின்னம்மை ஊசியும் பிரசவத்துக்குப் பிறகுதான். ஃப்ளூ ஊசியைத் தாராளமாகப் போடலாம். தெரியாமல் எம்.எம்.ஆர். போட்டுவிட்டாலும் கருவைக் கலைக்க வேண்டியதில்லை. பயந்துபோய் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி விழுங்குபவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து அந்த வேலை வேண்டாம்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கர்ப்பமாக இருக்கும்போதோ, இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போதோ காய்ச்சலும் தடிப்புமாக வந்த குழந்தையின் அருகில் இருந்திருந்தால், அன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தட்டம்மையாக இருந்து உங்களுக்கு எதிர்ப்பு இல்லையென்றால், இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்புரத ஊசி கொடுக்க, அந்தக் குழந்தையின் அருகில் இருந்த நாளிலிருந்து ஆறு நாட்கள்தான் அவகாசம். உங்களுக்கும் தடிப்பு வரட்டும், பார்ப்போம் என்று காத்திருந்தால் அந்த நாட்கள் போய்விடும்.

கட்டாயம் பற்றி: கோவிட் ஊசி வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றம், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது, பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் சொன்னது. பச்சிளம் குழந்தைகள் வரும் இடத்தில் கிளினிக் இதைக் கேட்பது எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் ஊசிச் செலவு உங்கள் சம்பளத்திலிருந்து போகக் கூடாது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

பாராசிட்டமாலா? வராத காய்ச்சலுக்கு எதற்கு மாத்திரை? எம்.எம்.ஆர். காய்ச்சல் வந்தாலும் ஒரு வாரம் கழித்துத்தான் வரும். அப்போது போட்டுக்கொள்ளலாம்.